பாலிஷ் குழி

“மூணு நிமிஷம்கூட ஆகல, அதுக்குள்ள தூக்குன்னுட்டான்.” கேன்டீன் குழாயடியில் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ யாரிடமோ சொன்னது இது. எனக்குச் சொன்னதல்ல. திரும்பாமலே குரல் தெரிந்தது. அர்த்தநாரி அண்ணன், உருக்காலையில் உருகிய எஃகைத் தாங்கும் பெரிய வாளியான லேடிலின் மேடையில் நிற்பவர். “எதுங்ணா, முந்தாநேத்து டைட்டானியம் போட்ட ஹீட்டா?” என்றார் கூட இருந்தவர். “அதேதான், நானூத்திப் பதினேழு. வார்க்கற எடத்துக் கேஸ்டர்காரன் போன்ல கத்தறான், என்னமோ அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்த மாதிரி.” “அப்பறம் ஷீட்ல?” “ஷீட்ல பத்துதான். பத்துக்குக் கம்மியா எழுதுனா யாரு கையெழுத்துப் போடுவா, உங்கொப்பனா?” இருவரும் சிரித்தார்கள். தண்ணீர் டம்ளரில் நிரம்பி வழிந்து என் மணிக்கட்டு வரை வந்தது. குழாயை மூடினால் நான் நிற்பது தெரிந்துவிடும் என்று தோன்றியது, மூடாவிட்டால் இன்னும் தெரியும் என்றும் தோன்றியது. மூடினேன். என்னை யாரும் கவனிப்பதில்லை என்பது சில நேரம் வசதி. லேபுக்கு நடந்து வரும் நூற்று நாற்பது அடி தூரமும் அந்த எண் கூடவே வந்தது, நானூற்றுப் பதினேழு, நானூற்றுப் பதினேழு, ஏனென்றால் அந்த ஹீட்டிலிருந்து, ஒரே தடவையில் உருக்கிய அந்த எஃகிலிருந்து, வெட்டிய துண்டு என் மேஜையில்தான் இருக்கிறது. தீப்பெட்டியில் பாதி அளவு. பக்கவாட்டில் 417 என்று நானே சுத்தியால் அடித்த எண்கள், ஏழு மட்டும் கொஞ்சம் சாய்ந்து. பன்னிரண்டு மணிக்குள் அதில் எவ்வளவு அழுக்கு என்று நான் எழுதித் தர வேண்டும். தந்ததும் மீதி எஃகு மெல்லிய தகடாக உருளப் போய்விடும். இப்போது பத்து இருபது.

தண்ணீரைத் திறந்து எமரித் தாளில் துண்டை வைத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறேன். சொரசொரப்பான தாளில் ஒரு திசை, அடுத்த தாளில் துண்டைத் திருப்பிப் பிடித்துக் குறுக்குத் திசை, முந்தின கோடுகள் மறையும் வரை, பிறகு மறுபடி திருப்பி. கை தானாகச் செய்கிறது, தலை சும்மா இருக்கிறது, சும்மா இருக்கும் தலை நல்லதில்லை. மூன்று நிமிடம். பத்து நிமிடம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எல்லாப் பிரிவையும் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியபோது அர்த்தநாரி அண்ணன்தான் நீலக் கண்ணாடியைக் கையில் கொடுத்து லேடிலுக்குள் பார்க்க வைத்தார். அறுபது டன் எஃகு, மேலே கசடு ஆடை போல மூடியிருந்தது. அடியிலிருந்து ஆர்கான் வாயு வருகிறது என்றார். எஃகில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடிக்க அலுமினியம் போடுகிறோம், அது பிடித்துவிடும், பிடித்ததும் பொடிப்பொடியாகக் கல் மாதிரி உள்ளேயே நிற்கும், வாயு மெதுவாகக் கிளப்பினால் பொடி மேலே வந்து கசடோடு ஒட்டிக்கொள்ளும், இதெல்லாம் எனக்குப் பாடத்தில் உண்டு, பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன், ஆனால் அவர் சொன்னது வேறு மாதிரி. “பால் பொங்கக் கூடாது கண்ணு. ஆடை மட்டும் ஆடணும். வேகமா விட்டா கசடு விலகிக் கண்ணு திறந்துக்கும், அந்தக் கண்ணு வழியா காத்து உள்ள போயி இன்னும் அழுக்காயிரும். மெதுவா, பத்து நிமிஷம். அவசரப்பட்டா நடக்காது, இது கெஞ்சி வாங்கற வேலை.” நான் தலையாட்டினேன். எனக்கு அவரிடம் ஒரு கேள்வி இருந்தது, கேட்கவில்லை. அடுத்த வாரம் கேன்டீனில் பார்த்தபோது அவரே, “பேச்சு வருமா, இல்ல லேபுல கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் கோபமே வரவில்லை. இந்த ஆலையில் என்னிடம் முதலில் கேலி பேசியவர் அவர்தான், கேலி பேசினால் நாமும் கூட்டத்தில் ஒருவர் என்று அர்த்தம். ஏற்கெனவே அவர் மேல் ஒரு மெமோ இருக்கிறது. இன்னொன்று வந்தால் மேடையை விட்டு இறக்கிக் கிடங்குக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு. கை வேகமாகத் தேய்க்கிறது. வேகம் கூடாது. வேகமாகத் தேய்த்தால் எஃகுக்குள் இருக்கும் பொடி பிய்த்துக்கொண்டு வந்து குழி விழும்.

குழி. அந்தச் சொல் வந்துவிட்டது. வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் நினைத்தேன். நவம்பரில் ஒரு துண்டு, இருநூற்று எண்பத்தெட்டு, இதே ரகம், நெளிகுழாய் செய்யும் ரகம். முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனாகத் தகடு உருட்டி, அதைக் குழாயாக்கி, மடிப்பு மடிப்பாக நெளித்து, வாயு போகும் இடங்களில் மாட்டுவார்கள். அந்தத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு வட்டத்தில் ஒரு வரிசை தெரிந்தது. கறுப்பாக, உடைந்து உடைந்து, எறும்பு போவது போல. லேப் பொறுப்பாளர் ஜெயசீலன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார், குனிந்து பார்க்கவில்லை. “பாலிஷ் குழியா இருக்கும்மா. மறுபடி தேச்சுப் பாரு” என்றார். மறுபடி தேய்த்தேன். போய்விட்டது. போகத்தான் செய்யும். தேய்க்கும்போது முடியில் கால்வாசி அளவு எஃகு கரைந்து போகிறது, அதோடு அந்த வரிசையும் போய், கீழே வேறொரு தளம், சுத்தமான தளம், மேலே வந்துவிடுகிறது. பதிவேட்டில் அழுக்குக்கான மதிப்பெண் அரை என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், ‘முதல் பார்வையில் தெரிந்தது பாலிஷ் குழி.’ என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். குழிக்கு வால் உண்டு. நாம் தேய்த்த திசையில், வால் நட்சத்திரம் மாதிரி, மெலிதாக இழுத்துக்கொண்டு போகும். துண்டைத் திருப்பித் தேய்த்தால் வாலும் திரும்பும். நான் பார்த்ததற்கு வால் இல்லை. எஃகு உருண்ட திசையில் நேராகக் கிடந்தது. எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழைய பயிற்சி உண்டு. கடைசி வருட வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது, அன்று விடுதி அறையில் சுவரைப் பார்த்து முழு விடையையும் சொன்னேன், படம் உட்பட. சுவர் மதிப்பெண் போடாது. மார்ச்சில் புகார் வந்தது. நெளிகுழாயை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும்போது ஒரு மடிப்பு பிளந்துவிட்டது என்று. பிளந்த இடத்தின் படம், பெரிதாக்கியது, கூட்ட அறைத் திரையில். அதே எறும்பு வரிசை. கீழே ஒரு வரி, சோதனை மேஜையில் இருந்த பெண் ஊழியருக்கு உள்ளங்கையில் ஒன்பது தையல். பெயர் போடவில்லை. கூட்டத்தில் கடைசி நாற்காலியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தேன். வெல்டிங் கோளாறாக இருக்கும் என்று பேசி முடித்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்களின் கைகளைப் பார்க்கிறேன். உள்ளங்கை கம்பிக்குள் இருக்கிறது, தெரிவதில்லை.

பாலிஷ் போடும் துணித் தட்டு சுற்றுகிறது. வைரப் பசையை ஒரு சொட்டு வைத்து மெதுவாக அழுத்துகிறேன், மிக மெதுவாக, கெஞ்சுவது போல. வலது ஆள்காட்டி விரல் நுனி வழவழப்பாகியிருக்கிறது. ஜெயசீலன் சாருக்கு இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை, அவருக்கு விரலில் ரேகையே இல்லை. வாசலில் வருகை இயந்திரத்தில் விரலை வைத்தால் மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும் என்று பெண் குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். வரிசையில் நிற்பவர்கள், “சார், நீங்க இல்லவே இல்லையாம், வீட்டுக்குப் போங்க” என்பார்கள். அவரும் சிரித்தபடி காவலாளி வைத்திருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். கெட்டவர் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாத அன்று என் பங்கு துண்டுகளையும் அவரே தேய்த்தார். ஒரு ஹீட்டை நிராகரித்தால் எத்தனை பேர் வந்து அவர் மேஜையைச் சுற்றி நிற்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். இந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை வரிசைகள் அவர் விரலுக்கடியில் கரைந்து போயிருக்கும் என்று அவருக்கே கணக்கு இருக்காது, ரேகையும் அப்படித்தானே போயிருக்கும், ஒரு நாளில் இல்லை. என் விரலை நேற்று அந்த இயந்திரம் இரண்டு தரம் கேட்டது. மூன்றாவது தரம் ஏற்றுக்கொண்டது.

துண்டைக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, சூடான காற்றில் உலர்த்துகிறேன். கண்ணாடி போல இருக்கிறது. என் மூக்கும் மேலே டியூப் லைட்டும் தெரிகிறது. பத்து ஐம்பத்தைந்து. மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிகிறேன். வெள்ளை வட்டம். இந்த முதல் வெள்ளை எனக்குப் பிடிக்கும், உலகத்தில் யாரும் பேசாத ஓரிடம் போல. அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், டைட்டானியம் போட்டால் அவை வரும், வர வேண்டியவைதான், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கை தூக்கும் பிள்ளைகள் போல. துண்டு இருக்கும் சின்ன மேடையை ஒரு திருகு நகர்த்தினால் அடுத்த வட்டம். இன்னொரு திருகு. ஒரு துண்டில் இருநூறு வட்டங்கள் பார்ப்பேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது சுத்தமாக இருந்தாலும் மிச்சமிருக்கும் அந்த ஒரு மோசமான வட்டத்துக்குத்தான் மதிப்பெண், அதைத்தான் எழுத வேண்டும், சராசரி கிடையாது. முதலில் கேட்டபோது அநியாயமாக இருந்தது. குழாய் சராசரியான இடத்திலா பிளக்கிறது. ஒரு கறுப்புப் புள்ளி. மேடையை நகர்த்துகிறேன், புள்ளி நகரவில்லை, அப்படியானால் எஃகில் இல்லை. கண் வைக்கும் குழலைத் திருப்புகிறேன், புள்ளியும் திரும்புகிறது, லென்ஸில் தூசி. ஊதிவிடுகிறேன். இன்னொன்று, மிதக்கிறது, பார்வையை மாற்றினால் அதுவும் நழுவுகிறது. இது என் கண்ணுக்குள்ளேயே இருப்பது. அம்மாவும் ஜன்னலோரம் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும்போது கண்ணுல பூச்சி பறக்குது என்பாள், டாக்டர் ஒன்றும் செய்ய வேண்டாம், பழகிவிடும் என்றார். பழகிவிடும். எஃகில் இருக்கிறதா, லென்ஸில் இருக்கிறதா, என்னில் இருக்கிறதா, இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க மட்டும்தான் எனக்குச் சம்பளம். அர்த்தநாரி அண்ணன் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் இவ்வளவு உற்றுப் பார்ப்பேனா. கேட்டுவிட்டதால் இல்லாததைத் தேடுகிறேனா. எழுபத்தெட்டாவது வட்டம், எழுபத்தொன்பது. இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், யாரிடம் என்று தெரியாமல். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதின்மூன்றில் இருக்கிறது.

எறும்பு வரிசை. பதினான்கு துகள்கள், சாம்பல் கலந்த கறுப்பு, மூலை உடைந்த கற்கள் போல, ஒன்றன் பின் ஒன்றாக. மேடையை நகர்த்துகிறேன், கூடவே நகர்கிறது. குழலைத் திருப்புகிறேன், திரும்பவில்லை. கண்ணை மூடித் திறக்கிறேன், அங்கேயே இருக்கிறது. வால் இல்லை. மதிப்பெண் அட்டையில் இருக்கும் படங்களோடு ஒப்பிடுகிறேன், ஒன்றரைப் படத்தைவிட அதிகம், இரண்டைவிட அதிகம், இரண்டரை. இந்த ரகத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. பதினொன்று இருபத்தைந்து. பின்னால் செருப்புச் சத்தம், ஜெயசீலன் சார். “என்னம்மா நிறைமதி, நானூத்திப் பதினேழு முடிஞ்சுதா? மேல இருந்து ரெண்டு தரம் கேட்டாச்சு.” நான், “சார், ஒரு வரிசை…” என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “குழியா இருக்கும். நேத்துதான் துணி மாத்தினோம், புதுத் துணி பிய்க்கும். இன்னொரு தரம் தேச்சுட்டுப் பாரு.” மேஜையில் இருந்த தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போன் பேசப் போய்விட்டார். இன்னொரு தரம். அது தவறும் இல்லை, விதியிலேயே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் மறுபடி பாலிஷ் செய்யலாம். எனக்குச் சந்தேகம் இருக்கிறதா. இருந்தால் நன்றாக இருக்கும். துண்டை எடுத்துத் துணித் தட்டில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும், பதினான்கு கற்களும் தண்ணீரோடு சாக்கடையில் போகும், அர்த்தநாரி அண்ணன் மேடையிலேயே இருப்பார், சார் மேஜையைச் சுற்றி யாரும் நிற்க மாட்டார்கள், நான் நான்கு மணி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் போவேன், கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டு.

கதவு திறந்தது. நிழலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, லேடில் மேடைக்காரர்களுக்கு மட்டும் அந்தக் கனமான சாம்பல் நிறக் கோட்டு. “சார் இல்லையா கண்ணு?” “போன்ல இருக்காருங்ணா.” அர்த்தநாரி அண்ணன் போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். “பதினேழு என்னாச்சுன்னு பாக்கலாம்னு வந்தேன்.” ஒரு ஹீட் என்ன ஆனது என்று கேட்டு அவர் லேபுக்கு வந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது பத்துப் பன்னிரண்டு வாக்கியம் இருந்தது. எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டு, மைக்ரோஸ்கோப்பைக் கையால் காட்டினேன். அவர் உட்காரவில்லை, குனிந்தார். முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார், நீலக் கண்ணாடியில் பார்க்கிற பழக்கம். “வெள்ளையாத்தான் இருக்குது. ஆரஞ்சா கட்டம் கட்டமா. அழகாத்தான் இருக்குது.” அவருடைய முதுகில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் சிவப்பு முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றியது. நிமிராமலே கேட்டார், “இந்தக் கோடா?” “ஆமாங்ணா.” “இத்தனூண்டா.” “தகடும் இத்தனூண்டுதாங்ணா இருக்கும்.” இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “காலைல குழாய்கிட்ட நின்னது நீதான?” தலையாட்டினேன். “நெனச்சேன். தண்ணி ரொம்ப நேரம் ஊத்திட்டு இருந்துச்சு.” கொஞ்சம் சிரித்தார், சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “தேச்சா போயிருமா?” என்றார். பொய் சொல்ல வரவில்லை. “போயிரும்ணா.” அவர் காத்திருந்தார். நான் சொன்னேன், “இங்க போயிரும்.”

அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். உள்பட்டையில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார், அது அங்கே இல்லை என்று ஆனபிறகும் துடைத்தார். “நான் சொன்னேன் அந்தக் கேஸ்டர்காரன்கிட்ட, இன்னொரு ஏழு நிமிஷம் குடுறான்னு. சூடு போயிரும், வார்ப்பு நின்னுரும்னான். நின்னா நிக்கட்டும்னு சொல்லியிருக்கணும்.” இந்த இடத்தில் மற்றவர்கள் எதையாவது சொல்வார்கள், பரவாயில்லை என்பது போல ஏதாவது. பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது. ஒன்பது தையல் என்றால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று ஒரு நாள் இரவு அம்மாவின் ஊசியைப் பார்த்தபடி கணக்குப் போட்டது ஞாபகம் வந்தது. ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பினார். “மெமோ வந்தா உனக்கும் ஒரு காப்பி எடுத்துத் தர்றேன். சட்டம் போட்டு மாட்டிக்க.” கேலிதான். ஆனால் கூட்டத்தில் சேர்க்கும் கேலி இல்லை, அது எனக்குப் புரிந்தது, காதெல்லாம் சூடானது. கதவு தானாக மெதுவாக மூடிக்கொண்டது. அவருக்காகச் செய்கிறேன் என்றும் இல்லை, அவருக்கு எதிராகச் செய்கிறேன் என்றும் இல்லை, அப்படி ஒரு வாக்கியத்தை அவர் பின்னால் ஓடிப் போய்ச் சொல்ல முடியுமா. அடுத்த அறையில் சார், “பத்து நிமிஷத்துல தந்துடறோம் சார், சின்ன பாலிஷ் பிரச்சினை, வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்வது கேட்டது. பாலிஷ் பிரச்சினை. எவ்வளவு மிருதுவான சொல், யார் மேலும் படாது, எஃகு மேலும் இல்லை, லேடில் மேலும் இல்லை, என் கை கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் சொல்லும், அதைச் சொன்னால் நானும் மறுக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். பதினொன்று நாற்பத்தொன்று. துணித் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, நான் நிறுத்த மறந்திருக்கிறேன். அதன் சத்தம் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது.

தட்டை நிறுத்தினேன். துண்டை எடுத்துக் கடினத்தன்மை பார்க்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோய், அந்த வரிசையைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி நான்கு மூலையிலும் வைரமுனையை இறக்கினேன். எடையை அதிகமாக வைத்ததால் நான்கு புள்ளிகளும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன, இனி யார் தேய்த்தாலும் வரிசை இருந்த இடம் அழியாது. அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு பதிவேட்டைத் திறந்து 417 என்பதற்கு நேராக இரண்டரை என்று எழுதினேன். பிறகு அலமாரியில், பழைய துண்டுகளை ஈரம் படாமல் வைக்கும், நீலக் குருணை போட்ட கண்ணாடி ஜாடியைத் திறந்து நவம்பர் மாதத் துண்டை எடுத்து மேஜையில் மைக்ரோஸ்கோப்பின் பக்கத்தில் வைத்தேன். பதிவேட்டில் நாற்பத்தாறு பக்கம் பின்னால் போனேன். ஜெயசீலன் சார் போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, “என்னம்மா பண்ற?” என்று கேட்டபோது, இருநூற்று எண்பத்தெட்டுக்கு நேராக இருந்த ‘பாலிஷ் குழி’ என்ற இரண்டு சொற்களையும் ஒரே கோட்டால் அடித்து, ‘குழி இல்லை, தேய்த்து அழிக்கப்பட்டது’ என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, கையெழுத்திட்டு, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.